ஒருநாள் விட்டு ஒருநாள்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு விடியலில், எலுமிச்சை மண்டிக்குப் பின்னால் இருக்கிற தெருவில், ஓட்டு வீட்டுக்குள் பாயில் படுத்திருந்த ஆவுடைத்தங்கம் கண் விழித்தபோது அவளுடைய முழங்கால் வலிக்கவில்லை, இடுப்பு பிடிக்கவில்லை, காலமெல்லாம் பீடி சுற்றி நண்டுக்கால் மாதிரி வளைந்துபோயிருந்த விரல்கள் நோவில்லாமல் விரிந்து மடங்கின, அவளும் கையூன்றாமல், சுவரைப் பிடிக்காமல், எந்தச் சாமியையும் கூப்பிடாமல் ஒரே மூச்சில் எழுந்து நின்றாள். நின்ற பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் அவள் புருசன் வெள்ளத்துரை கழுத்திலிருந்து கால் பெருவிரல் வரைக்கும் வைரம் பாய்ந்த மரம்போல விறைத்துக் கிடந்தார். மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. கண் அவளைப் பார்த்தது.

"என்னங்க," என்றாள்.

தோளைத் தொட்டு அசைத்தாள். கட்டில் மொத்தமாக அசைந்ததே தவிர தோள் தனியாக அசையவில்லை.

இரண்டு பேருமே சில வருசங்களாக இறுகிக்கொண்டுதான் வந்தார்கள். அவர் மண்டியில் எலுமிச்சை மூட்டை சுமந்தே தோளையும் முட்டியையும் தேய்த்தவர், அவள் மடியில் பீடித் தட்டை வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தே இடுப்பைத் தொலைத்தவள், காலையில் அவர் கட்டிலை விட்டு இறங்குவதற்கும் அவள் பாயை விட்டு எழுந்து அடுப்படி போய்ச் சேர்வதற்கும் வெயில் முற்றத்துக்கு வந்துவிடும், வெயில் வந்ததும் கொஞ்சம் இளகும், சாயங்காலம் மறுபடி இறுகும். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

அடுத்த வீட்டு மீராள் ஓடிவந்தாள். அவளும் பீடி சுற்றுகிறவள், ஆவுடையைவிட ரொம்ப இளையவள், புருசன் துபாயில் இருந்தான், தெருவில் எந்த வீட்டில் பாத்திரம் உருண்டாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள். வெள்ளத்துரையின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, அண்ணாச்சிக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ என்ன இப்படி நிக்கிறே, கொமரி மாதிரி?" என்றாள். அப்போதுதான் ஆவுடைக்குத் தான் நுனிக்காலில் நின்று பரண்மேல் இருந்த கம்பளியை எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

மறுநாள் விடியலில் வெள்ளத்துரை எழுந்தார். வாலிபத்தில் லாரியிலிருந்து குதித்த மாதிரி கட்டிலிலிருந்து குதித்தார். பாயில் ஆவுடை விறைத்துக் கிடந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது, கஞ்சித் தண்ணீர் ஊற்றினால் தொண்டை விழுங்கியது, ஆனால் ஒரு விரல் அசையவில்லை, நாக்கு எழும்பவில்லை. அதற்கு மறுநாள் அவள் எழுந்தாள், அவர் கிடந்தார். அப்படியே ஒருநாள் விட்டு ஒருநாள்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தாள். முதல் நாள் வெள்ளத்துரையின் முட்டியைத் தட்டிப் பார்த்தாள், மறுநாளும் வந்து ஆவுடையின் முட்டியைத் தட்டிப் பார்த்தாள், நாடி பிடித்தாள், கண்ணில் வெளிச்சம் அடித்தாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மீராள் கொடுத்த தேயிலைத் தண்ணீரைக் குடித்தாள். "மாத்திரை ஒரு ஆளுக்குத்தான் எழுதுறேன், எழுந்திரிக்கிறவங்க போட்டுக்கிடுங்க," என்றாள். "ஆனா ஒண்ணு. கெடக்குறவங்க கைகால் மூட்டுகள எழுந்திரிக்கிறவங்க தெனமும் மடக்கி நீட்டி விடணும். முட்டி, கணுக்கால், தோள், கழுத்து, விரல் எல்லாம். எண்ணெய் போட்டு, மெதுவா. விட்டுட்டா பூட்டிக்கும். பூட்டிக்கிட்டா அப்புறம் நான் வந்தும் புண்ணியம் இல்ல."

பங்குனி மாதம் கோயில் கொடையில் சாமியாடியிடம் கேட்டார்கள். சாமி வேட்டைக்குப் போகிற அவசரத்தில் இருந்தது. "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நடைதான் மிச்சம் இருக்கு, நடந்துக்கிடுங்க," என்று சொல்லித் திருநீறு போட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்குமேல் ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் ஓடு ஒழுகும், வயதானால் நடை குறையும், குறைந்ததை வீட்டுக்குள் பங்கு வைத்துக்கொள்வார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று தெரு நினைத்தது.

தெரு அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னைக்கு யாரு?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள், பெண் வீட்டார் நாள் குறிக்கும்போது ஆவுடை வருகிற நாளா என்று பார்த்தார்கள், ஏனென்றால் அவள் குலவையிட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும், ரேஷன் கடைக்காரர் அட்டையில் இருக்கிற இரண்டு பெயரில் எது நடந்து வந்தாலும் விரல் ரேகையை வாங்கிக்கொண்டார், மண்டியில் வெள்ளத்துரை வருகிற நாளில் மட்டும் அவரோடு மூட்டை தூக்கிய சேக்காளி ஊய்க்காட்டான் சீட்டுக் கட்டை வெளியே எடுத்தார், தேர்தல் தேதி வந்தபோது அது யாருடைய நாள் என்று எண்ணிப் பார்த்ததும் ஒரு கட்சிக்காரனுக்கு முகம் மலர்ந்தது, இன்னொரு கட்சிக்காரனுக்கு விழுந்துவிட்டது, தெருக்குழாயடியில் பெண்கள் குடத்தை இடுப்பில் ஏற்றியபடியே, ஒருநாள் விட்டு ஒருநாள் வாயடைத்துக் கிடக்கிற புருசன் வாய்த்தால் எந்தக் கோயிலுக்கும் மொட்டை போடலாம் என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தங்கள் புருசன்மாரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருமுறை மண்டி முதலாளி மகள் கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போன வெள்ளத்துரை, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் ஆவுடையின் நாள். ஆனால் அவள் எழவில்லை, நடை அவரோடேயே இருந்துவிட்டது. மதியம் அவர் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து, பாயில் கிடந்தவளைப் பார்த்து, கொண்டுவந்த லட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒரே கூரைக்குக் கீழே படுத்தால்தான் மாறும் என்பது அப்படித்தான் தெரிந்தது.

ஆவுடைக்கு முதல் கொஞ்சநாள் தன் நாள் கிடைத்ததே பெரிதாக இருந்தது. கோலம் போடவும் ஆற்றுக்குப் போகவும் கோயிலுக்கு நடக்கவும் வேலை கிடந்தது, அதனால் புருசனின் முட்டியை அழுக்குத் துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி நாலு மடக்கு மடக்கிவிட்டு ஓடிவிடுவாள். அவள் கிடந்த நாட்களில் அவர் எப்படிச் செய்தார் என்பதைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நல்லெண்ணெயைச் சூடு பண்ணி வைத்துக்கொண்டு, சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு கால் விரலாக, பிறகு கணுக்கால், பிறகு முட்டி, பழத்தில் நகம் படாமல் பொறுக்கி எடுக்கிற மாதிரி, காலமெல்லாம் மூட்டையைத் தூக்கி எறிந்த கை அது, மெதுவாக மடக்கி மெதுவாக நீட்டியது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை அவள் பாதத்தைத் தொட்டதில்லை. ஆவுடையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பக்கவாட்டில் காதுக்குள் இறங்கியது. அவர் அதைத் துண்டின் நுனியால் ஒற்றி எடுத்தார். "எண்ண காந்துதோ?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு, எண்ணெயை ஊதி ஆற்றினார்.

அடுத்த நாளிலிருந்து அவள் ஓடவில்லை.

பேச்சும் அப்படித்தான் வந்தது. கண்ணைத் திறந்து கிடக்கிறவளிடம் நேரே பேச வெள்ளத்துரைக்குக் கூச்சம். அதனால் மீராள் வந்ததும் அவளிடம் சொன்னார். "மீராளு, ஒங்க அக்கா எனக்குச் சுண்டக்கா பிடிக்கும்னு நெனச்சு இத்தன வருசமாப் போட்டுக்கிட்டு இருக்கா. எனக்குப் பிடிக்காது. சொல்லிரு."

"அக்கா கேட்டுக்கிட்டுதானே கெடக்கா அண்ணாச்சி."

"நீ சொல்லிரு."

மறுநாள் ஆவுடை எழுந்து, வெந்நீரில் துணியை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தபடி சொன்னாள்: "எனக்கும்தான் பிடிக்காது. ஒங்களுக்காவத்தானே போட்டேன்." அவர் கண் அவளைப் பார்த்தது. அது சிரிப்பா என்று அவளுக்குச் சந்தேகம், கேட்க ஒருநாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முன்பெல்லாம் இரண்டாவது பேச்சிலேயே சண்டை வந்து அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். இப்போது ஒருவர் சொல்வதை இன்னொருவர் முழுக்கக் கேட்கவேண்டியிருந்தது, கேட்டதை ஒருநாள் முழுக்க வைத்துக்கொண்டு கிடக்கவேண்டியிருந்தது, அதற்குப் பிறகுதான் பதில் சொல்ல வாய் கிடைத்தது, அதற்குள் கோபத்தில் பாதி வடிந்துபோயிருந்தது. ஒரு சண்டை முடிய ஒரு மாதம் ஆனது. ஒரு சமாதானத்துக்கும் அவ்வளவு நாள் ஆனது. இடையில் மீராளின் உதவி தேவைப்படாமல் போயிற்று.

ஆவுடைக்கு ஒரு தங்கச்சி உண்டு, செந்தூர்க்கனி என்று பெயர், கடற்கரையில் மணப்பாட்டுக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. பல வருசத்துக்கு முன்னால் ஒரு விசேசப் பந்தலில் செந்தூர்க்கனியின் புருசன் நாலு பேர் முன்னால் வெள்ளத்துரையைப் பார்த்து "மூட்ட தூக்குறவனுக்கு முன்பந்தி கேக்குதோ" என்று சொல்லிவிட்டான். அன்றோடு போக்குவரத்து நின்றது. அந்த ஆள் செத்த கருமாதிக்குக்கூட வெள்ளத்துரை ஆவுடையை அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை, அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான்.

அந்தச் செந்தூர்க்கனி வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள் என்று மீராளின் போனுக்குச் சேதி வந்தது. அன்று வெள்ளத்துரையின் நாள். அவர் பாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எப்போதும் "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். அன்று பெயரைச் சொன்னார்.

"ஆவுடை, ஒந்தங்கச்சி கீழ விழுந்துட்டாளாம். கையில கட்டுப் போட்டிருக்காம், பாக்க ஆளில்ல. நீ போயிட்டு வா. அவ புருசன் என்னய மூட்ட தூக்குறவன்னு சொன்னான். நான் மூட்டதான தூக்குனேன்? அதுக்குப் போயி ஒன்னய இத்தன வருசம் பிடிச்சு வச்சிருந்துட்டேன். நீ போ. எத்தன நாள் வேணும்னாலும் இரு. நான் கெடக்கேன்."

அவள் மறுநாள் பதில் சொன்னாள்: "நான் அங்கன போய்ப் படுத்தா ஒங்க நாளெல்லாம் எங்கூட வந்துரும்லா? ஒங்களுக்கு முட்டிய யாரு மடக்குவா?"

அவர் அதற்கு மறுநாள்: "ஊய்க்காட்டான்கிட்ட சொல்லிட்டேன், காலையும் சாயங்காலமும் வந்து பாத்துக்கிடுவான். கஞ்சிக்கு மீராள் இருக்கா. இன்னும் யோசிச்சேன்னா அவ கையே கூடிரும், போ."

ஆவுடை தன் நாளில் புறப்பட்டாள். வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் கட்டிலில் கண்ணைத் திறந்து கிடந்தார். "வெரசா வந்துருதேன்," என்றாள்.

தங்கச்சிக்குச் சமைத்தாள், தலை சீவினாள், குளிப்பாட்டினாள். காலையில் எழுந்தால் நடை இருந்தது, மறுநாள் எழுந்தாலும் இருந்தது, அதற்கு மறுநாளும். அது எப்படிப்பட்ட சங்கதி என்று ஒருநாள் விட்டு ஒருநாள் வாழ்ந்தவளுக்குத்தான் தெரியும். முந்தின நாள் ஊறப்போட்ட அரிசியை மறுநாள் தானே அரைக்கலாம், நேற்றுப் பாதியில் விட்ட சிரிப்பை இன்றைக்குச் சிரித்து முடிக்கலாம். கட்டோடு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு செந்தூர்க்கனியும் அவளும் கடலோரம் நடந்தார்கள். ஈர மணலில் கால் புதைந்து எழுந்தது, முட்டி முனகவில்லை. பனங்கிழங்கு வாங்கித் தின்றார்கள். ஒருநாள் பஸ் ஏறித் திருச்செந்தூர் போய், அலையில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்று, வாய்க்குள் உப்புத் தண்ணீர் போகப்போகச் சிரித்தார்கள்.

மீராளுக்குப் போன் போட்டாள். "எப்படி இருக்காக?"

"கெடக்காக யக்கா. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காக. எப்ப வாரே?"

"வெள்ளிக்கெழம வந்துருதேன்."

வெள்ளிக்கிழமை பௌர்ணமியாகிவிட்டது. பௌர்ணமிக்கு அடுத்து செந்தூர்க்கனிக்குக் கட்டு அவிழ்க்கிற நாள். கட்டு அவிழ்த்தாயிற்று, கை கூடிவிட்டது, தங்கச்சி தானே குடம் தூக்கினாள், அதற்குப் பிறகும் ஆவுடை புறப்படவில்லை. செந்தூர்க்கனி ஒருமுறை "இருந்துட்டுப் போயேன்" என்றாள், அவள் இருந்தாள். பிறகு யாரும் சொல்லாமலே இருந்தாள். போகவேண்டும் என்று காலையில் நினைப்பாள், கடலைப் பார்த்ததும் நாளைக்குப் போகலாம் என்று நினைப்பாள். அவர் ஊரெல்லாம் நடந்தபோது நான் பீடித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதானே இருந்தேன், இப்போது கொஞ்சநாள் அவர் கிடந்தால் என்ன என்றும் ஒருநாள் நினைத்தாள். அப்படி நினைத்த அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஆனாலும் போகவில்லை.

இங்கே எலுமிச்சைக்கு நல்ல விலை வந்து மண்டியில் லாரி லாரியாக வந்து இறங்கியது. ஊய்க்காட்டான் முதலில் காலையும் சாயங்காலமும் வந்தார், பிறகு காலையில் மட்டும் வந்தார், பிறகு வரும்போதே தூக்கக் கலக்கத்தில் வந்து முட்டியை இரண்டு தரம் ஆட்டிவிட்டுப் போனார், பிறகு அதுவும் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் தோள் போய்க்கொண்டிருந்தது. மீராள் அந்நிய ஆம்பிளையின் உடம்பைத் தொட முடியாமல் தவித்தாள். கடைசியில் பீடித் தட்டைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, சுற்றுகிற நேரம் போக மிச்ச நேரத்தில், தன் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கமாகத் தொங்கிய அவருடைய வலது கையின் ஐந்து விரல்களை மட்டும் மடக்கி மடக்கி நீட்டினாள்.

"யக்கா, நீ இன்னைக்கே பொறப்படு," என்று ஒருநாள் போனில் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு ஆவுடை கடல் பக்கம் திரும்பவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வீட்டுக்குள் வந்தாள். கருப்பட்டிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே கட்டிலுக்குப் போனாள். அவர் மெலிந்திருந்தார். கண் அவளைப் பார்த்தது, பார்த்துவிட்டு மூடியது, மறுபடி திறந்தது. எண்ணெயைச் சூடு பண்ணி முட்டியில் கையை வைத்தாள். மடங்கவில்லை. கணுக்கால் மடங்கவில்லை. தோள், முழங்கை, கழுத்து, தாடை எல்லாம் துருவேறிய பூட்டாகிவிட்டிருந்தன. பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள். அவர் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

மறுநாள் அவருடைய நாள். ஆவுடை விறைத்துக் கிடந்தாள். நடை அவருக்குப் போய்விட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது, ஆனால் கட்டிலிலிருந்து யாரும் இறங்கவில்லை. உள்ளுக்குள் கிடந்து அடிக்கிற மாதிரி அவர் மூச்சு மட்டும் வேகவேகமாகக் கேட்டது, நேரம் போகப்போக அது அடங்கியது. வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடப்பதைப் பார்த்து மீராள் உள்ளே வந்தாள். இரண்டு பேரும் கிடந்தார்கள். அண்ணாச்சியின் வலது கை விரல்கள் மட்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தன. மீராள் தரையில் உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள்.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனாள்.

தெரு அதையும் எடுத்துக்கொண்டது. இதுவரைக்கும் ஒருவர் கிடந்தால் இன்னொருவர் பார்த்துக்கொண்டார், இனி வெள்ளத்துரையின் நாட்களில் இருவரையும் தெரு பார்க்கவேண்டும் என்றானது. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. மேலவீட்டுக்காரி ஒருநாள் கஞ்சி கொண்டுவந்தாள், அடுத்த முறை தையல்காரர் வீட்டிலிருந்து வந்தது, அப்படியே முறை வைத்ததுபோல ஆகிவிட்டது, பெண்கள் வந்து ஆவுடையின் முட்டியை மடக்கி நீட்டினார்கள், ஆண்கள் வந்து வெள்ளத்துரையைத் துடைத்துத் திருப்பிப் போட்டார்கள், ஊய்க்காட்டான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்து எல்லாருக்கும் பின்னால் போனார். மீராள் எங்கிருந்தோ இன்னொரு கட்டிலைக் கொண்டுவந்து அவர் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, ஆவுடையை அதில் படுக்கவைத்து, அவளுடைய இடது கையை எடுத்து அவருடைய வலது கைக்குள் வைத்தாள்.

அன்றிலிருந்து தன் நாட்களில் வெள்ளத்துரை செய்த வேலை அது ஒன்றுதான். விடிந்ததும் அவள் சுண்டுவிரலைப் பிடிப்பார், மடக்குவார், நீட்டுவார், அடுத்த விரலுக்குப் போவார், ஐந்தும் முடிந்தால் மறுபடி சுண்டுவிரலுக்கு வருவார்.

அவள் தன் நாட்களில் நொச்சி இலை போட்டு ஒத்தடம் கொடுத்தாள், எண்ணெய் தேய்த்தாள், பேசினாள். கடலைப் பற்றிச் சொன்னாள். அங்கே சிரித்ததை மறைக்காமல் சொன்னாள். "கை கூடுன பெறவும் நான் வரல. எனக்கு வர மனசில்ல. கோவமா?" என்று கேட்டாள். மறுநாள் விடியும் முன்பே விழித்துக்கொண்டு பதிலுக்காகக் கிடந்தாள். அவர் விரல்கள் அவள் சுண்டுவிரலைத் தேடி வந்தன, மடக்கின, நீட்டின, அடுத்த விரலுக்குப் போயின. முந்தின தடவையைவிட வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

யோசனை சொல்லத் தெருவில் ஆளுக்கா பஞ்சம்? "நீ ராவில எங்க வீட்டுல வந்து படுத்துக்கிடு ஆவுடை. நட ஒங்கிட்டயே நின்னுரும். தெனமும் நீயே அவரப் பாத்துக்கிடலாம், நீயும் கெடக்க வேண்டாம்," என்று மேலவீட்டுக்காரி சொன்னாள். எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மீராளும் கேட்டாள். "யக்கா, அஞ்சு வெரலுக்காவ ஒரு நாள் முழுசும் நீ கட்டையாக் கெடக்கணுமா? ஒனக்கும் பூட்டிக்கிட்டு வருது, பாக்கேம்லா."

"அது அவுக நாளு," என்றாள் ஆவுடை.

"அண்ணாச்சிகிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாக."

"சொல்லட்டும். வாயிருந்து சொன்னா எடுத்துக்கிடுதேன்."



தை பிறந்து பனி குறைந்து, மாசி வெயில் ஏற ஆரம்பித்த சமயம். அன்று வெள்ளத்துரையின் நாள். தையல்காரர் பெண்சாதி வந்து இருவருக்கும் கஞ்சி புகட்டி, வாயைத் துடைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் போனாள். மதியம் சாய்ந்தது. ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெயில் கட்டில் காலருகே கிடந்தது. அவர் விரல்கள் அவளுடைய நடுவிரலை மடக்கின. மடக்கிய விரல் நீளவில்லை.

சில நேரம் அவர் அப்படி நிறுத்தி இளைப்பாறுவது உண்டு. ஆவுடை காத்திருந்தாள்.

அப்போது அவளுடைய கால் பெருவிரல் அசைந்தது. அவள் அசைக்கவில்லை, தானாக அசைந்தது. பாதத்திலிருந்து ஒரு வெதுவெதுப்பு ஏறி முட்டிக்கு வந்து, முட்டி இளகி, இடுப்பு இளகி, தோள் இளகி, நாக்கு வாய்க்குள் புரண்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தியிருக்கலாம், எழுந்து அவர் மார்பில் விழுந்திருக்கலாம், உடம்பு அதற்குத் தயாராக இருந்தது. அவள் அசையவில்லை. கண்ணை ஓட்டுக்கு நேரே வைத்துக்கொண்டு, அவர் கைக்குள் கையை வைத்தபடி, எப்போதும் கிடப்பதுபோலவே கிடந்தாள். இன்னும் பொழுது இருந்தது. பொழுது சாயும்வரைக்கும் அது அவருடைய நாள்.

மீராள் ஒருமுறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். இருவரும் கண்ணைத் திறந்து கிடந்தார்கள், கையோடு கை கோத்திருந்தது, அவள் முற்றத்தில் காய்ந்த வடகத்துக்கு வந்த காக்கையை விரட்டிவிட்டுப் போனாள். ஓர் ஈ வந்து ஆவுடையின் உதட்டில் உட்கார்ந்தது. அவள் ஊதவில்லை. தொடையில் அரித்தது, முதுகு வியர்த்தது, மூக்கில் தண்ணீர் இறங்கியது. இவ்வளவு நாளும் அசையமுடியாமல் கிடந்தது எவ்வளவு லேசாக இருந்தது என்று நினைத்தாள். அசைய முடிந்தும் கிடப்பதற்குத்தான் முழு உடம்பும் தேவைப்பட்டது. வெயில் கட்டில் காலை விட்டு நகர்ந்து, சுவரில் ஏறி, பரணைத் தொட்டு, சிவந்து, போயிற்று.

இருட்டத் தொடங்கியதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவர் விரல்கள் அவள் கையைச் சுற்றி இறுகியிருந்தன. அந்த ஐந்தும் இப்போது பூட்டிக்கொண்டிருந்தன. சுண்டுவிரலில் ஆரம்பித்து, நோகாமல், ஒவ்வொன்றாக விரித்துத் தன் கையை எடுத்துக்கொண்டாள். அவர் கண்களை மூடினாள். பிறகு வாசலைப் பார்த்து, "மீராளு," என்று கூப்பிட்டாள்.

அடுத்த வீட்டு அடுப்படியில் மீராள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இந்தா வாரேன் யக்கா," என்று பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் இன்றைக்கு அக்காவுக்குக் குரல் கிடையாதே என்பது அவளுக்கு உறைத்தது. களைந்த தண்ணீர் கையிலிருந்து சொட்டச்சொட்ட, தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் தெருவுக்கு வந்தாள். மேலவீட்டுக்காரி தன் வாசலில் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தாள். தையல்காரர் வீட்டில் மிசின் ஓடுகிற சத்தம் நின்றது.